வெள்ளிமலைப் படத்தின் துணி

வியாகுலத்துக்குப் பிள்ளைகள் இரண்டு என்று மூங்கில்துறைப்பட்டில் கேலி பேசுவார்கள். மூத்தது தகரப்பெட்டி, இளையவள் டயானாவாம். வியாகுலமும் கூடச் சேர்ந்து சிரிப்பார். டயானா மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

பெட்டி நிறையப் பழைய நிலப்படங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கல்வராயன் மலையை அளந்து வரைந்தவை. சர்வேக்காரர்களுக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடித்த வியாகுலத்தின் அப்பா, ஆபீசில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிய வியாகுலம் அதைப் பெருக்கினார். "பழைய காயிதம் எதுனா இருக்குங்களா?" என்று கண்ட வீட்டிலெல்லாம் கேட்டு, மக்கிப்போன பத்திரம், திருக்கோவிலூர்த் தேர்த் திருவிழா நோட்டீஸ், யாருக்கும் நினைவில்லாத வண்டிப்பாதைப் படம் என்று சேர்த்தார். சவாரிக்கு ஏறியவர்கள் ஒரு டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்துக் காத்துக் கிடப்பார்கள். மனிதர் யார் வீட்டுப் பரணிலாவது தும்மிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றிலும் உசத்தி வெள்ளிமலைப் படம். மடித்தால் கிழியாமலிருக்கக் காகிதத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, மெல்லிய பருத்தித் துணியில் பசைபோட்டு ஒட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதைக் கட்டிலில் விரித்துக் காற்றாட வைப்பார். பக்கத்தில் யாரும் தண்ணீர்ச் சொம்போடு போய்விட முடியாது.

டயானா சிறுமியாக இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் ஓடு பிரிந்து வீடு ஒழுகியது. இருந்ததோ ஒரே தார்ப்பாய். வியாகுலம் ஓடிப்போய் அதைப் பெட்டிமேல் போர்த்தினார். மூலையில் நனைந்து நின்ற பெண் கேட்டாள்: "அப்பா, நானும் பொட்டிக்குள்ள படுத்துக்கட்டுமா?" அள்ளி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்தான். ஆனால் அவள் கேட்டது கேட்டதுதானே. அதைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, மகளும் பேசவில்லை.

அந்த டயானா இப்போது வெள்ளிமலையில் நர்ஸ். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்து, வீட்டுக்கும் கொண்டுவந்தாயிற்று. பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்திதான் சுற்ற வேண்டும். வியாகுலத்தின் மனைவி லூசி வீட்டையே கவிழ்த்துத் தேடினாள். புடவையெல்லாம் பாலியஸ்டர். வேட்டியும் லுங்கியும் கூட வழவழ. பக்கத்து வீடுகளிலும் அதே கதை. கடைத் துண்டு உராய்ந்து குழந்தையின் தொடை சிவந்துபோயிருந்தது.

பிரசவ லேகியத்துக்கு மருந்துச் சாமான் வாங்க வியாகுலம் திருக்கோவிலூர் போயிருந்த நேரம். லூசியின் பார்வை பெட்டிமேல் விழுந்தது.

அவர் திரும்பி வந்தபோது வாசலில் முறம் காய்ந்துகொண்டிருந்தது. முறத்தில் கட்டம் கட்டமாக வெள்ளிமலை.

"காயிதம் ஒண்ணுகூட கிழியலங்க," என்றாள் லூசி, அவர் வாயைத் திறக்குமுன்பே. "ஊறப்போட்டதும் தானா வுட்டுகினு வந்துச்சி. துணிய கொதிக்க வச்சி அலசிட்டேன். புள்ள அழுவறத என்னால பாக்க முடியல."

வியாகுலம் உள்ளே போனார். குழந்தை அந்தத் துணியில் சுகமாகத் தூங்கியது. கட்டங்களுக்கு நடுவே காகிதம் சேராத இடங்களில் அழுக்கேறிய பழுப்புக் கோடுகள் துணியில் இன்னும் போகவில்லை. காலடிச் சத்தத்துக்கு விழித்த டயானா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பதறி எழுந்து துணியின் முடிச்சில் கைவைத்தாள்.

"நான் தூங்கிட்டேம்பா. எனக்குத் தெரியாது. இரு, இப்பவே அவுத்துக் குடுத்துடறேன்."

பிள்ளை பெற்று வந்தவள், இன்னும் அந்தப் பெட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கத்தான் பார்க்கிறாள்!

"அவுக்காத," என்றார்.

பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து, அதேபோல் துணியில் ஒட்டிய, எல்லாவற்றிலும் பெரிய படத்தை எடுத்தார். வாசலுக்குப் போய் அண்டாத் தண்ணீரில் அதைத் தன் கையாலேயே அமுக்கினார். டயானா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலைப்படிக்கு வந்துவிட்டாள்.

"இன்னாப்பா பண்ற நீ?"

"ஒரு துணி எப்படிம்மா போதும்? புள்ள நனச்சிக்கினேதான இருக்கும். காயிதத்த அப்புறம் வேற எதுலனா ஒட்டிக்கலாம்."

"இப்பிடியே போனா பொட்டி காலியாயிடும்பா."

"ஆவட்டும்." அவர் தண்ணீரிலிருந்து தலை நிமிரவில்லை. "காலியான பொட்டியில உம் பொண்ண படுக்க வச்சிக்கலாம். நீ கேட்டது எனக்கு ஞாபகம் கீதும்மா."

டயானா சிரித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்ட, துடைக்கக் கை ஒழியாமல் குழந்தையின் துணியிலேயே முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள்.