மெதுவக்கா கொட்டிய தண்ணீர்

எங்கள் முதியோர் இல்லத்தின் ஏழாம் அறையில் இருப்பவர் முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டியவர். எஞ்சின் தாத்தா என்று கூப்பிடுவோம். படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. ஆனாலும் காலையில் சவரம் செய்து முடிக்கும்வரை யாருக்கும் முகம் காட்ட மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் படுக்கையை நனைத்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாற்று விரிப்போடு நான் வாசலில் நின்றேன். என்ன சொல்லி அந்தப் போர்வையை வாங்குவது என்று தெரியவில்லை.

என்னைத் தாண்டி உள்ளே போன, என்னோடு வேலை செய்யும் அக்காவின் கையில் ஒரு குவளை தண்ணீர் இருந்தது. கட்டிலருகே போனவர் கால் தடுக்கித் தடுமாறினார். குவளை அப்படியே படுக்கைமேல் கவிழ்ந்தது.

"ஐயையோ! என் கண்ணு எங்க போச்சு! தாத்தா, உங்களை நனைச்சுட்டேனே. மேடம்கிட்ட சொல்லிடாதீங்க, எனக்குத்தான் திட்டு விழும்."

தாத்தா மெல்லத் திரும்பினார். "சிக்னல் பார்க்காமலே வண்டியை விட்டுட்டு வர்றே நீ," என்று அதட்டினார். அதட்டியதில் அவருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. போர்வையைத் தானே விலக்கிக் கொடுத்தார்.

விரிப்பை அள்ளும்போது கவனித்தேன். கொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெந்நீர் கலந்து, மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்து, அதற்கப்புறம்தான் அக்காவுக்குக் கால் தடுக்கியிருக்கிறது. பிறகும் எத்தனையோ தடவை அந்த அறையில் அவருக்குக் கால் தடுக்கியது. வேறெங்கும் அவர் ஒரு சொட்டுச் சிந்தி நான் பார்த்ததில்லை.

அவரை நாங்கள் மெதுவக்கா என்போம். யாரைத் தூக்கினாலும், புரட்டினாலும், உட்கார வைத்தாலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் வந்த பேர். ஆனால் அவர் நடையில் மெதுவே கிடையாது. இருபத்திரண்டு கட்டில்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, நான் இன்னும் மூன்றாவது கட்டிலில் நிற்பதைப் பார்த்து, "தங்கச்சி, நீதான் மெதுவக்கா, நான் சும்மா பேருக்கு," என்று சிரிப்பார்.

பதினாறு வருடத்துக்கு முன் தரை துடைக்க வந்தவர். கணவர் போன பிறகு, பள்ளிக்கூடம் போகும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை கேட்டு வந்தாராம். படுத்த படுக்கையான ஒரு பாட்டி, துடைப்பத்தோடு போனவரைக் கூப்பிட்டு, "என் முதுகைக் கொஞ்சம் தடவும்மா" என்றிருக்கிறார். துடைப்பத்தை வைத்துவிட்டுத் தடவினார். அன்றைக்கே இல்லத்தை நடத்தும் மேடம் அவரைப் பராமரிப்பு வேலைக்கு மாற்றிவிட்டார். அவருடைய மேலங்கிப் பையில் நகவெட்டி, சீப்பு, யாரோ மறந்து வைத்த மூக்குக்கண்ணாடி எப்போதும் இருக்கும். குளிர்காலத்தில் மலத்தட்டைக்கூட வெந்நீரில் காட்டிச் சூடாக்கித்தான் வைப்பார். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டு எதையும் செய்துவிடலாம் என்ற தைரியத்தில் வந்தவள். முதல் வாரம் ஒரு தாத்தாவைத் தூக்கப்போய் நானே கீழே உட்கார்ந்துவிட்டேன். "சாமி மேல பாரத்தைப் போடு, சரி. தாத்தா மேல போடாதே," என்றார் அக்கா.

பெருந்தொற்று வந்தது. முதல் அலையில் இல்லத்தின் கதவைச் சாத்திக்கொண்டு எப்படியோ தப்பித்தோம். அப்புறம் தடுப்பூசி வந்தது. இல்லத்தில் இருப்பவர்களுக்கு முதலில் போட்டார்கள். வயதான உடம்பு ஊசியைப் பாதிதான் வாங்கிக்கொள்ளும், அவர்களைத் தொட்டு வேலை செய்பவர்களும் போட்டுக்கொண்டால்தான் முழுப் பாதுகாப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். உடை மாற்றும் அறைக் கதவில் எங்கள் பேரெல்லாம் எழுதிய தாள் ஒன்றை மேடம் ஒட்டினார். போட்டுக்கொண்டவர் பேருக்கு நேரே ஒரு டிக். முதல் தடவை ஊசி வண்டி வந்தபோது விழுந்தது மூன்றே டிக்.

மெதுவக்கா அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொள்ளாத குறைதான். ஆள் ஆளாகப் பிடித்தார். பொதுவாகப் பேசவே மாட்டார். ஒவ்வொருவருடைய பயமும் எது என்று கேட்டு, அதற்கு மட்டும் பதில் சொல்வார்.

சமையல்காரர், "ஊசி போட்டா கை கனத்துப் போகுமாம். அப்புறம் என் கைப்பக்குவம் என்ன ஆறது?" என்றார்.

"கரண்டி பிடிக்கிற கை எது?"

"வலது."

"இடதுல போடச் சொல்றேன். வலதுலதான் போடுவேன்னு அவங்க சொன்னாலும் நல்லதுதான். உப்பு கொஞ்சம் குறையும்."

சமையல்காரர் மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. நான்காம் நாள் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். துணி துவைக்கும் பெண்ணுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. குழந்தை பிறக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா தன் ஓய்வு நாளில் அவளைப் பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார். வெளியே நிற்காமல், கூடவே உள்ளே உட்கார்ந்து, அந்தப் பெண் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் தான் கேட்டார்.

என்னிடமும் வந்தார். "உனக்கு என்ன பயம் தங்கச்சி?"

"பயமெல்லாம் இல்லக்கா. தினமும் வேண்டிக்கிட்டுத்தான் வேலைக்கு வர்றேன். கடவுள் பார்த்துக்குவார்."

"கடவுள் பார்க்காம இல்ல. ஆனா ரோட்டைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கிட்டா வேண்டறே? ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தானே?"

சிரித்துவிட்டு நழுவினேன். உண்மையில் எனக்குப் பயம்தான். எங்கள் தெருவில் ஊசி போட்ட ஒருவருக்குக் கை விளங்காமல் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். பயத்துக்குப் பக்தி என்று பேர் வைத்துக்கொண்டேன். அதை இப்போது எழுதுவதற்கே கை கூசுகிறது.

இரண்டாம் முறை வண்டி வரும் நாளுக்கு முதல் நாள். பதினொரு பேர் போட்டுக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் தலையாட்டிய நானும் அதில் ஒருத்தி. டீ குடிக்க எல்லோரும் உடை மாற்றும் அறையில் இருந்தோம். பொழுதுபோகாமல் நான் அந்தத் தாளில் விரல் வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தேன். முதல் தடவை விழுந்த டிக்குகளில் அக்காவுடையது இல்லை. நாளைக்கு வருகிறவர்களுக்கு மேடம் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். அக்கா பேருக்கு நேரே அந்தப் புள்ளியும் இல்லை.

எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டது.

"எல்லாருக்கும் சொல்றீங்களே அக்கா, உங்க கட்டம் மட்டும் ஏன் காலியா இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். ஆனால் சத்தமாகக் கேட்டேன்.

சமையல்காரர் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். "அட ஆமா! எங்களை முன்னால அனுப்பிட்டு நீங்க பின்னால நின்னு வேடிக்கை பார்க்கப் போறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "தங்கச்சிக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. இனி கண்ணாடி வேண்டாம்," என்றார். டம்ளரைக் கழுவினார், வழக்கத்தைவிட அதிக நேரம். கழுவியபடியே, எங்கள் பக்கம் திரும்பாமல், "என்னைப் பார்க்காதீங்கப்பா. உள்ள படுத்திருக்கறவங்களைப் பாருங்க," என்றார்.

மறுநாள் வண்டி வந்தபோது ஏழு பேர்தான் கை நீட்டினோம் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் அந்த ஏழு பேரில் இல்லை. நான், சமையல்காரர், இன்னும் இரண்டு பேர் பின்வாங்கிவிட்டோம். துணி துவைக்கும் பெண் போட்டுக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் அக்காதான்.

அதிலிருந்து மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை எனக்குத் தொண்டை கரகரத்தது. வேலைக்கு ஆள் குறைவு. ஏதோ தூசி என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். மதியம் சாப்பிடும்போது கழற்றினேன். அந்தச் சின்ன அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் மெதுவக்கா. நான் இருமியதைப் பார்த்து, தன் பாட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா எஞ்சின் தாத்தாவைப் புரட்டிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. அவரால் "மெதுவா" என்ற ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியில் அக்காவின் விரலை வைத்துப் பார்த்த மேடம் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எங்களை நடைபாதையில் தள்ளித் தள்ளி நிற்க வைத்தார்.

"யாருக்கு முதல்ல இருமல் வந்தது? மறைக்காம சொல்லுங்க. யார் யாரைத் தொட்டாங்கன்னு பார்க்கணும்."

நான் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். சுவரோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா கையைத் தூக்கி, மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நான்தான் மேடம். போன வாரமே தொண்டை சரியில்ல. பஸ்ஸுல வந்தப்போ ஒட்டியிருக்கும். சொல்லாம விட்டுட்டேன். தப்பு என் பேர்லதான். ஆனா எல்லாருக்கும் பரிசோதனை பண்ணிடுங்க. தங்கச்சிக்கு முதல்ல. அவதான் என்கூடச் சாப்பிட்டா."

குவளை கவிழ்ந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை படுக்கையை நனைத்தவள் நான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

எனக்குப் பரிசோதனையில் தொற்று இருக்கிறது என்றே வந்தது. வீட்டு அறையில் தனியாக இருந்த நாளெல்லாம் முழங்காலிட்டபடி ஒன்றையே கேட்டேன். என் உயிரை எடுத்துக்கொண்டு அவரைக் கொடு என்று கேட்டேன். பதினோராம் நாள் மேடம் போன் செய்தார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. இல்லத்தில் இருந்தவர்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து போனது. ஊசி போட்டிருந்ததால் பிழைத்துக்கொண்டார்கள். போனவர் அக்கா ஒருவர்தான்.

திரும்ப வேலைக்குப் போன அன்று மேடத்திடம் கேட்டேன். "ஏன் மேடம் அக்கா போட்டுக்கல?"

மேடம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிய கடிதம். எட்டு வருடத்துக்கு முன் வேறு ஏதோ ஊசி போட்டபோது அக்காவுக்குத் தொண்டை வீங்கி மூச்சு நின்றுபோகப் பார்த்ததாம். லட்சத்தில் ஒருவருக்கு வரும் ஒவ்வாமை. ஆகவே இந்த ஊசியை இவருக்குப் போடக்கூடாது, கூட வேலை செய்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் இவருக்குப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தது.

"தாள்ல அதை எழுதிடறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. 'எனக்கு ஊசி ஆகாதுன்னு தெரிஞ்சா, ஒவ்வொருத்தரும் தனக்கும் ஆகாதுன்னு பயந்துடுவாங்க மேடம். என் கட்டம் காலியாவே இருக்கட்டும், என்னை நாலு வார்த்தை பேசினா பேசட்டும்'னாங்க."

ஊசி போட்டுக்கோ என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். தாத்தாவுக்காக என்றார், பாட்டிக்காக என்றார், என் பிள்ளைகளுக்காக என்றார். எனக்காகப் போட்டுக்கோ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த முறை வண்டி வந்தபோது மிச்சமிருந்த நான்கு பேரும் முதல் ஆளாக நின்றோம். சமையல்காரர் வலது கையையே நீட்டினார். ஊசி போட்ட பெண் காரணம் கேட்டதற்கு, "உப்பு குறையட்டும்மா," என்று சொல்லிவிட்டு அழுதார். இப்போது அந்தத் தாளில் ஒரு கட்டம்தான் காலி. மேடம் தாளைக் கிழிக்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக் கேட்பார்கள். நான் உட்கார வைத்துச் சொல்வேன். என் பங்கையும் சேர்த்தே சொல்வேன். இதைப் படிக்கிற நீங்களும் பிறரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிப் பிழைக்கிறவர் என்றால், உங்கள் பக்கத்தில் நிற்பவருடைய கட்டம் ஏன் காலி என்று உங்களுக்குத் தெரியாது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எஞ்சின் தாத்தாவின் அறையில் எனக்குக் கால் தடுக்கியது. குவளை சரியாகத்தான் கவிழ்ந்தது. தாத்தா என்னை அதட்டவில்லை. கூரையைப் பார்த்தபடி, "தண்ணி ஜில்லுனு இருக்கும்மா," என்றார். "அவ வெதுவெதுன்னு கொட்டுவா."

அவருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

அக்காவைக் கொண்டுபோன அன்றைக்கு ஆம்புலன்ஸ் பின்வாசலில் வந்து நின்றது. அழுக்குத் துணி வண்டி போகிற வழி அது. யார் யாரையோ அக்கா தள்ளிக்கொண்டு போன அதே சக்கர நாற்காலியில் அவரை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஓடினேன். கிட்டே வராதே என்று ஆம்புலன்ஸ்காரர் கை காட்டினார். இரண்டு கை தூரத்தில் நின்றேன்.

"அக்கா, இருமினது நான்தான். உங்களுக்குத் தெரியும்தானே? நான்தான் அக்கா…"

அவர் ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு விரலால் நகர்த்தினார். பேச விடக்கூடாது என்று நாற்காலியைத் தள்ளியவர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு வார்த்தையாகச் சொன்னார்.

"அடுத்த தடவை வண்டி வரும்போது போட்டுக்கோ. அன்னிக்குப் படுத்தா கை வலிக்கும், அந்தப் பக்கமா சாயாதே. இப்பப் போ தங்கச்சி, தாத்தாவை மறுபக்கம் புரட்டற நேரம் ஆச்சு, ஊசி போட்டவங்க யாரையாவது அனுப்பு. மெதுவா. மெதுவா."