வேறு ஏதாவது கேளுங்கள்

ஆர்ஜியா துன்யோலி பதினோரு வயதில் தண்ணீரில் இறங்கினாள். இத்தாலியில், மொலினெல்லாவில் நெல் வயல். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. மே மாதக் கடைசியிலிருந்து நாற்பது நாள் முழங்கால் தண்ணீரில் குனிந்து களை பறிக்க வேண்டும். அப்படிப் பதினெட்டு வருடம் போயிற்று. பிறகு வயல்களில் மருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். களைக்கு ஆள் தேவைப்படவில்லை. அவள் எங்கள் பொலோஞ்ஞா நகருக்கு வந்தாள். ஆறு வருடம் மாடிப்படிகள் துடைத்தாள். அப்புறம் நகராட்சியில் வேலை கிடைத்தது. ராட்சதனின் தொட்டியைத் துலக்கும் வேலை.

எங்கள் ஊரில் யாரும் அவனை நெப்டியூன் என்று சொல்வதில்லை, ராட்சதன்தான். சதுக்கத்து நீரூற்றின் உச்சியில், கையில் சூலத்தோடு வெண்கலச் சிலையாக நிற்கிறான். கீழே நான்கு மூலையிலும் நான்கு கடற்கன்னிகள். அவர்கள் மார்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஒரு மாதம் விட்டால் சிலைகளின் விரல் இடுக்கிலெல்லாம் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். அமிலம் ஊற்றக் கூடாது, வெண்கலத்தைத் தின்றுவிடும். மரச் செதுக்கியும் நார் பிரஷும்தான். சூலம், தலை, தோள் எல்லாம் கூட வேலை செய்யும் நேரியோவின் பொறுப்பு, அவனுக்கு ஏணி. கன்னிகளும் டால்பின்களும் தொட்டியும் ஆர்ஜியாவுக்கு. ரப்பர் பூட்ஸ் போட்டாலும் ஒன்பது மணிக்குள் காலுறை நனைந்துவிடும்.

பதினான்கு வருடம் இப்படி. நாற்பத்தொன்பது வயதில் கால் விரல்கள் மடங்க மறுத்தன. டாக்டர், "ஈரத்தில நிக்காதீங்க" என்றார். அவள் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் உதவியாளர் வேலைக்குப் போகலாம் என்று தொழிற்சங்கத்தில் சொன்னார்கள். மணி அடிப்பது, கதவு திறப்பது, நடைபாதையைப் பார்த்துக்கொள்வது. தரை உலர்ந்திருக்கும். ஆனால் நடுநிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். அப்போது சங்கங்கள் போராடி, வேலை செய்பவர்கள் படிக்க நூற்றைம்பது மணி நேரம் சம்பளத்தோடு விடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தன. ஆர்ஜியா சேர்ந்தாள். வகுப்பில் இருபத்திரண்டு பேர், பெரும்பாலும் லேத் பட்டறை ஆட்கள். டீச்சர் லோரெதானாவுக்கு இருபத்தாறு வயது. அவள் வகுப்பிலேயே சிகரெட் பிடிப்பாள், பாடப் புத்தகத்தைத் தொட மாட்டாள்.

"உங்க வேலைதான் உங்க புத்தகம்" என்றாள் முதல் நாளே.

ஆர்ஜியாவின் வேலை என்னவென்று தெரிந்ததும் டீச்சரின் முகம் மலர்ந்துபோயிற்று. வகுப்பு மொத்தமும் சேர்ந்து நீரூற்றைப் பற்றி ஓர் ஆராய்ச்சி எழுத வேண்டும் என்று அன்றே முடிவாகிவிட்டது. யார் கட்டினார்கள், யார் காசு, யார் முதுகு.

"டீச்சர், எனக்கு வேற ஏதாவது குடுங்களேன்" என்றாள் ஆர்ஜியா.

"ஏன்? அதைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

"அதான்."

லோரெதானாவுக்குப் புரியவில்லை. வேலையைப் பற்றி ஆர்ஜியா சொன்னதை அவளே எழுதிக்கொண்டு தட்டச்சு செய்தாள். ஆர்ஜியாவுக்குப் பிடித்தது நிலப்படம். ஆசியாவின் ஆறுகளை மனப்பாடம் செய்தாள். எதற்கென்று கேட்டால், "அதுல நான் இறங்க வேண்டியதில்ல" என்பாள்.

எழுபத்தாறாம் வருடம், ஜூன் மாதம். வாய்மொழித் தேர்வு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. திங்களன்று மேற்பார்வையாளர் வந்து சனிக்கிழமை பழைய மசராட்டிக் கார்கள் முப்பது வருகின்றன என்றார். அந்தக் காரின் மூக்கில் இருப்பது நம் ராட்சதனின் சூலம்தான், அதனால் எல்லாரும் காரை அவன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கப் போகிறார்கள். ஆகவே வெள்ளிக்குள் முழுத் துலக்கல். தண்ணீரை நிறுத்திவிடலாம், அடிச்சேறு வரை எடுக்க வேண்டும். ஐந்து நாளும் காலை ஐந்து மணியிலிருந்து ஒன்று வரை.

"காரு அவங்களோடதாம், சூலம் நம்மதாம், முதுகு யாரோடதுன்னு மட்டும் யாரும் சொல்லல" என்றான் நேரியோ, ஏணியிலிருந்து.

"கீழ பாத்துப் பேசு. தலையில சொட்டுது."

"புனிதத் தண்ணி. பாஸாயிடுவே."

வாரம் முழுக்க அவள் வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தபடியே மேஜையில் தூங்கினாள். வெள்ளிக்கிழமை காலை கடைசிக் கன்னியின் பாதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மாணவர்கள் இரண்டு பேர் கயிற்றுக்கு வெளியே சுற்றத் தொடங்கினார்கள். பாஸாக வேண்டுமானால் பரீட்சைக்கு முன் ராட்சதனை இரண்டு முறை, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாரும் இதை விடுவதில்லை. அவர்கள் வாளியைத் தட்டிவிட்டுப் போவதை ஆர்ஜியா பதினான்கு வருடமாகத் திட்டி வருகிறாள்.

"நீயும் போ, டாக்டரம்மா" என்றான் நேரியோ. எங்கள் ஊரில் படித்தவர் எல்லாரும் டாக்டர். "ரெண்டே ரெண்டு சுத்து."

"உள்ளயே பதினாலு வருஷமா சுத்தறேன். போதும்."

"நீ கடிகாரம் ஓடுற பக்கமா சுத்தறே. அது கணக்குல வராது. வந்தாலும் கழிக்கணும்."

"கழிச்சா எவ்வளவு?"

"பாவம், உனக்கு இன்னும் நூறு வருஷம் படிப்பு வராது."

அவள் பிரஷை வாளித் தண்ணீரில் முக்கி அவன் மேல் உதறினாள். சுற்றவில்லை. கால் வலித்தது.

ஒன்றுக்கு முடிய வேண்டிய வேலை ஒன்றரைக்குத்தான் முடிந்தது. போர்ட்டிகோவுக்குக் கீழ் நின்றபடியே மோர்த்தடெல்லா இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியைத் தின்றாள். காலுறை மாற்றிக்கொண்டு நடந்தே பள்ளிக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் தூக்கம் வந்தது. லேத்காரர் ஒருவர், பெயர் கூப்பிட்டதும் தோளைத் தட்டி எழுப்பினார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைமைத் தேர்வாளர், ஃபெர்ராரா ஊரிலிருந்து வந்தவர். ஓரத்தில் லோரெதானா. மேஜையில் வகுப்பின் ஆராய்ச்சி, பச்சை அட்டை போட்டு. தேர்வாளர் அதைப் படித்திருந்தார். மகிழ்ச்சியாக இருந்தார்.

"சின்யோரா, நாளைக்கு அந்தக் கார்கள் வருது, தெரியுமில்ல? மசராட்டிச் சகோதரர்கள்ல ஓவியரா இருந்தவர்தான் இந்தச் சூலத்தைப் பாத்து அந்தச் சின்னத்தை வரைஞ்சாராம். இன்னைக்கு உலகம் பூரா ஓடுது. நீங்க தினமும் அதுக்குப் பக்கத்துல நிக்கறீங்க. அதைப் பத்திச் சொல்லுங்களேன்."

"சூலம் நேரியோ துடைக்கிறது. எனக்கு ஏணி ஆகாது."

அவர் சிரித்தார். "சரி, கீழ இருக்கறதைச் சொல்லுங்க. கடற்கன்னிகள். நிதானமா."

லோரெதானா தலையை ஆட்டி ஊக்கப்படுத்தினாள். பத்து நிமிடம் பேசினால் போதும். எல்லாம் பச்சை அட்டைக்குள் இருந்தது. ஆர்ஜியா அதைப் பார்த்தாள். அவள் விரல் நகங்களில் சுண்ணாம்பு இன்னும் இருந்தது.

"வேற ஏதாவது கேளுங்க" என்றாள்.

"என்ன?"

"வேற. காலையிலகூட அதுலதான் இருந்தேன். அதை விட்டுப் போகத்தான் இங்க வந்தேன். படிச்சதைக் கேளுங்க."

தேர்வாளர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். ஆசியாவின் ஆறுகள் என்றார். ஏழு சொன்னாள். எட்டாவது வரவில்லை. சதவிகிதக் கணக்கு ஒன்று கேட்டார். பாதி வரை சரியாக வந்து தடுமாறியது. அரசியலமைப்பின் முதல் விதி என்ன என்றார்.

"இத்தாலி உழைப்பின் மேல் நிறுவப்பட்ட ஜனநாயகக் குடியரசு."

"அப்படின்னா?"

யோசித்தாள். மிகவும் களைப்பாக இருந்தது. "அடியில உழைப்பு இருக்கு. மேல அது நிக்குது" என்றாள்.

லோரெதானா சிரிப்பை இருமலாக மாற்றினாள். தேர்வாளர் எதையோ எழுதினார். போகலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். தேறியிருந்தாள். தரம்: போதுமானது. தேறியவர்களுக்கு அதற்குக் கீழே தரம் இல்லை. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் அதைவிட நல்ல தரம்.

லோரெதானாவுக்குக் கோபம். "பத்து நிமிஷம், ஆர்ஜியா. பத்தே நிமிஷம். மிகச் சிறப்புன்னு போட்டிருப்பார். அந்த ஆள் வாயைத் திறந்துகிட்டுக் காத்திருந்தார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? பள்ளி வேலைக்குத் தரத்தை வச்சுத்தான் வரிசை. இப்ப நீங்க முப்பத்தெட்டாவது!"

"எவ்வளவு நாளாகும்?"

"ஒண்ணரை வருஷம். ரெண்டுகூட ஆகலாம்."

"ரெண்டு குளிர்காலம்" என்றாள் ஆர்ஜியா. "நான் பேசியிருந்தா, டீச்சர், சான்றிதழையும் அந்தத் தொட்டிகிட்டதானே வாங்கியிருப்பேன்."

லோரெதானா புதுச் சிகரெட்டைப் பற்ற வைத்தாள்.

இரண்டு குளிர்காலமும் ஆயிற்று. இரண்டாவதில் இடது காலின் இரண்டு விரல்கள் மரத்துப்போய், திரும்ப உணர்வு வரவே இல்லை. எழுபத்தெட்டு பிப்ரவரியில் கடிதம் வந்தது. சான் தொனாத்தோ பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி. எட்டு வருடம் அங்கே இருந்தாள். கொஞ்சம் நொண்டுவாள். பிள்ளைகளை அதட்டுவாள், ஆனால் பயப்பட மாட்டார்கள். மழை நாளில் யாராவது நனைந்த காலோடு வந்தால் ஷூவைக் கழற்றி ஹீட்டர் மேல் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு அனுப்புவாள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மூன்றாம் வகுப்பை நீரூற்றைப் பார்க்கக் கூட்டிப்போவார்கள். உதவிக்கு ஓர் ஆள் கூடப் போக வேண்டும். தலைமையாசிரியை முதல் வருடம் ஆர்ஜியாவிடம் கேட்டார். வாயிலில் ஒருவர் இருக்க வேண்டும், தொலைபேசி வந்தால் எடுக்க வேண்டும் என்றாள் அவள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.