பழனிவேல், சார் ஆன வரலாறு

கடலூர் செம்மண்டலத்தில் பம்புசெட் கடை வைத்திருக்கும் பழனிவேல், தலைமைப் பண்புப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தது இவ்வட்டார வணிக வரலாற்றில் ஒரு திருப்புமுனை. போகும்போது மனிதராகப் போனார். வரும்போது தலைவராக வந்தார். கழுத்தில் அட்டைகூடத் தொங்கியது.

தலைமைக்குப் பல பாணிகள் உண்டாம். பழனிவேல் பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் கடைமேல் பிரயோகித்தார். ஜனநாயகப் பாணியில் வேலையாட்களிடம் கருத்துக் கேட்டார். ஃபேனை மாற்றச் சொன்னார்கள், அதோடு ஜனநாயகம் முடிந்தது. தொலைநோக்குப் பாணியில், மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த அய்யனாரிடம், "பத்து வருஷம் கழிச்சு நீ எங்க இருப்ப?" என்றார்.

"இதே ஸ்டூல்லதான் மொதலாளி. வேற எங்க போறது?"

கடைசியில் அவர் மனத்தில் ஒட்டியது ஒன்றுதான்: தலைவன் இடைவெளி காக்க வேண்டும். இனி எல்லோரும் அவரை 'சார்' என்றே கூப்பிட வேண்டும்.

எல்லோரும் என்றால், கடையின் சிதம்பரம் கிளையைப் பார்த்துக்கொண்ட கண்ணாயிரமும்தான். இருவரும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். சொந்தமில்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் பேச்சு. புதிய மோட்டார் ஒன்றுக்கு ஏஜென்சி எடுப்பது பற்றிய மீட்டிங்கில் கண்ணாயிரம் வாய் திறந்தார்.

"மச்சான், அந்த மோட்டாரு நம்ம உப்புத் தண்ணிக்குத் தாங்காதுடா. வேணாம்."

"கண்ணாயிரம், இங்க மச்சான்லாம் கெடையாது. ஆபீஸ்னா சார்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாயிரம் "சரிங்க சார்" என்றார்.

ஏஜென்சி வந்தது. மோட்டார்கள் வயலுக்குப் போயின. எரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கடைக்கே திரும்பின. கண்ணாயிரம் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஏஜென்சியை விட்டொழித்த அன்று பழனிவேல் போன் செய்தார்.

"பழையபடி பேசுடா மச்சான்."

"இருக்கட்டுங்க சார். இதுவே பழகிடுச்சு."

மறுத்துப் பேச ஆளில்லாமல் போவதை, தலைவர்கள் சந்திக்கும் சவால்களில் ஒன்றாக அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

பிறகு கண்ணாயிரத்தின் மகள் சிந்துஜாவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தட்டு நிறையப் பழத்தோடு பத்திரிகை வைத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பழனிவேலுக்குக் குறை.

சமையலுக்கு எந்த ஆள் வந்தாலும், முதல் பந்தியில் வாளி தூக்குகிறவர்கள்தான் கல்யாண வீட்டுக்காரர்கள். சிந்துஜாவின் காதுகுத்தில் சாம்பார் வாளி பழனிவேல் கையில்தான் இருந்தது. ஆகவே வேட்டியை மடித்துக் கட்டினார், வாளியைத் தூக்கினார். ஓர் இலைக்கு ஊற்றுவதற்குள் கண்ணாயிரம் வந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க சார். சட்டையில பட்டுடும்."

"நம்ம பொண்ணு கல்யாணம்டா."

"ஆமாங்க சார். நீங்க வந்ததே எங்களுக்குப் பெருமதான்."

குரலில் கேலி இருந்திருந்தால் பழனிவேல் பிழைத்திருப்பார். இல்லை. ஒரு பேங்க் மேனேஜர் பக்கத்தில் அவரை உட்கார வைத்தார்கள். அய்யனார் வாளியோடு வரிசையில் வந்தார். முதலாளி இலையில் மட்டும் குனிந்து, பணிவாக ஊற்றினார்.

"சாப்புடுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் மனைவி பொன்னி.

தலைவர் சாப்பிட்டார். உறவு தொடர வேண்டும் என்று இலையைத் தன் பக்கமாக மடித்து வைத்து, கண்ணாயிரம் எங்கே என்று தேடினார். அவர் வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்தார். மேசை துடைக்க வந்த பெண், எந்தப் பக்கம் மடித்திருக்கிறது என்று பார்க்காமல், எல்லா இலைகளையும் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போனாள்.