மழை நாளில் அடிக்காத மணி

1988 ஜூலை 14, வியாழக்கிழமை, பகல் ஒன்றே கால். பம்பாய் செம்பூரில் காலையிலிருந்து விடாத மழை. எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

மணியை வைத்தவன் நான். ஏற்றுமதிக்காரர்களுக்கு நாங்கள் பில் அடித்துக் கொடுத்தோம். டைப் செய்த ஒவ்வொரு பில்லும் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் டைரக்டரி என்கிற ஒரு பெட்டிக்குள் ஃபைலாக விழும். பிரிண்ட் ஆனதும் அழிந்துவிடும். ஃபைல்கள் சேர்ந்தால் பிரிண்டர் நின்றுவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணி, நாற்பதைத் தாண்டினால் கன்ஸோலில் மணி அடிக்கும்படி ஸ்கிரிப்ட் என்கிற ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன்.

மழை வந்தால் வோல்டேஜ் இறங்கும், பிரிண்டர் மக்கர் பண்ணும், மணி அடிக்கும். ஜூனிலிருந்து இது தவறியதில்லை.

மானேஜரிடம் சொன்னேன்.

"ஓய், அடிச்சாலும் குத்தம், அடிக்காட்டாலும் குத்தமா? போய் டீயைக் குடியும்" என்று சிரித்தார்.

அப்போது காதர் பாய் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர்.

"சார், காலையில குடுத்த பில்லு இன்னும் வரலியே. சரக்கு டாக்ல கெடக்கு. நாலு மணிக்குள்ள கஸ்டம்ஸ்ல காட்டலைன்னா கப்பல் போயிரும். பட்டறையில பதினோரு பேருக்கு நான் என்னத்தக் குடுக்க?"

ஆபரேட்டர் செல்வின் திரும்பாமலே சொன்னான்: "க்யூவுல இருக்கு பாய். எங்க ஆண்டாப் ஹில் பஸ்ஸு மாதிரி. வரும், எப்பன்னு கேக்கக் கூடாது."

"அந்த பஸ்ஸ நம்பித்தானடே நீ தெனமும் லேட்டா வாரே!" என்றார் மானேஜர்.

அவன் திரும்பாதது எனக்கு உறுத்தியது. டெர்மினலில் உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தொன்று. காதர் பாயின் பில் அதில் இல்லை. அடித்த காகிதங்களிலும் இல்லை. ஒவ்வொரு வரியாக மறுபடி பார்த்தேன். ஒரு வரி மட்டும் 'டி' என்ற எழுத்தில் தொடங்கியது. அது ஃபைல் அல்ல, உள்ளே இன்னொரு டைரக்டரி. என் ஸ்கிரிப்ட் அதை ஒன்று என்று எண்ணியிருக்கிறது. திறந்தால் ஐம்பத்திரண்டு ஃபைல்கள். முதலாவது காதர் பாயுடையது.

"செல்வின், இது யார் வேலை?"

"நாந்தான் சார். மணி அடிச்சா யாரு ஷிப்டோ அவங்களுக்கு அரை நாள் சம்பளத்த வெட்டுதாருல்லா மானேஜரு? போன மாசம் எனக்கு மூணு அரை நாளு போச்சு. வோல்டேஜ் எறங்குனா நான் என்ன செய்ய? கூட்டம் கொறஞ்சதும் திருப்பிப் போடத்தான் ஒதுக்கி வச்சேன்."

இப்படி வெட்டுவது எனக்குத் தெரியாது. மானேஜரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிண்டரைச் சரிக்கட்டி அந்த பில்லை முதலில் அடித்தோம். ஹார்பர் லைன் ரயில் தண்ணீரில் நின்றிருந்தது. காதர் பாயை டாக்ஸியில் ஏற்றி நானும் போனேன். அவர் வேலையை இனி வேறு யாரையும் நம்பி விட எனக்கு மனமில்லை. நாலு அடிக்கச் சில நிமிஷம் இருக்கையில் பில்லில் கஸ்டம்ஸ் முத்திரை விழுந்தது.

மறுநாள் ஸ்கிரிப்டை மாற்றினேன். உள் டைரக்டரிகளையும் எண்ண வைத்தேன். எந்த ஃபைலாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலும் மணி அடிக்கும். சம்பளம் வெட்டுவதை நிறுத்தினால்தான் அதை ஓடவிடுவேன் என்றேன். மானேஜர் முனகிக்கொண்டே நிறுத்தினார். மணி அடித்ததற்கு ஆளைத் தண்டித்தால் அவன் மணியைத்தான் அடக்குவான், பிரிண்டரைப் பார்க்க மாட்டான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கிற மணியைவிட அடிக்காத மணியைச் சந்தேகிக்க வேண்டும்.

என் டாக்ஸி வவுச்சர் மட்டும் பாஸாகவில்லை. 'மணி அடிக்காத நாளில் அவசரம் ஏது?' என்று எழுதி மானேஜர் திருப்பியிருந்தார். நாற்பத்தேழு ரூபாய்.