கொம்பேறிமூக்கனுக்குக் காட்டிய புகை

"பெரியப்பா, அது விஷமில்லாத பாம்பு."

"யாரு சொன்னா?"

"டாக்டர்தான் சொன்னாரு. எங்க லைப்ரரி புத்தகத்துலயும் படத்தோட போட்டிருக்கு."

"எந்தப் புத்தகம்? தமிழா, பிரெஞ்சா?"

"பிரெஞ்சு."

"வெள்ளைக்காரன் பூவரசுல ஏறித் தழை வெட்டியிருக்கானா?"

திரிபுரசுந்தரி கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தாள்.

"சொல்லு, வெட்டியிருக்கானா?"

"இல்ல."

"அப்ப கடிச்சுப்புட்டு அது எங்க போவுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

காரைக்கால் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஊசி போட்ட கையைத் தேய்த்தபடி வைத்தியலிங்கம் இப்படிக் கேட்டது எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதத்தில். வயலுக்குத் தழை வெட்டப் பூவரசில் ஏறியவரின் மணிக்கட்டில், கிளையோடு கிளையாகக் கிடந்த ஒரு பாம்பு கடித்துவிட்டுத் தாவிப் போயிருந்தது. அது கொம்பேறிமூக்கன் என்று அவர் அப்போதே முடிவுகட்டிவிட்டார்.

கொம்பேறிமூக்கனின் கதை திருநள்ளாற்றுப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடித்ததும் அது நேரே சுடுகாட்டுப் பக்கம் போகும். அங்கே இருப்பதில் உயரமான மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு, கடிபட்டவனின் சிதைப் புகையைக் கண்ணால் கண்ட பிறகுதான் இறங்கும். புகை வராவிட்டால் ஆளைத் தேடி வரும். சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வார்கள். சிரித்தவர்களும் மரத்தடியைத் தாண்டும்போது ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள்.

வைத்தியலிங்கம் எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. பால்காரி ஊற்றும் பாலை நகத்தில் விட்டுப் பார்ப்பார். பஸ் எங்கே போகிறது என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு டிரைவரிடமும் கேட்பார். சனிக்கிழமைகளில் நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகும் கூட்டத்தைப் பார்த்து, "சனி புடிச்சிருக்குன்னு இவங்களுக்கு யாரு சொன்னா? சொன்னவனுக்கு யாரு சொன்னா?" என்பார். அவர் மனைவி லோகாம்பாள் சொல்வது இது: "ரசத்துக்கு உப்பு போட்டுட்டேன்னா ருசி பாத்துட்டுதான் நம்புவாரு. அது கெடக்கட்டும். போடலன்னு சொன்னாலும் ருசி பாப்பாரு!"

அப்படிப்பட்டவர் கண்ணால் பார்க்காமல் நம்பிய ஒரே சங்கதி, சுடுகாட்டுப் பனை உச்சியில் தனக்காகக் காத்திருக்கும் அந்தப் பாம்பு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் வீட்டைவிட்டு வெளியே இறங்கவில்லை. நாற்றங்காலில் சம்பா நாற்று முற்றிக்கொண்டே போனது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தருமபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அவருடைய தம்பி மகள் சுந்தரியையே வீட்டில் துணைக்கு நிறுத்திக்கொண்டாள் லோகாம்பாள். தினமும் வந்துபோன இன்னொருவன் லோகாம்பாளின் தம்பி நீலமேகம். வரும்போதெல்லாம் பாம்பைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி கொண்டுவருவான்.

"நேத்து சுடுகாட்டுப் பனையில என்னமோ நெளிஞ்சுதாம் அத்தான். நான் பாக்கல. பாத்தவன் சொன்னான்."

செய்தி முடிந்ததும் நிலத்துக்கு வருவான். "நடவை இனிமே தள்ளிப்போட முடியாது. இந்தப் பட்டம் நான் பாத்துக்கறேன். பேருக்குக் குத்தகைன்னு ஒண்ணு பேசிக்குவோம்."

அவன் போன பிறகு லோகாம்பாள் சொன்னாள்: "ஒரு பட்டம் உழுதவன் அப்புறம் வரப்ப விட்டு இறங்க மாட்டான் சுந்தரி. எந்தம்பிதான். அதனாலதான் சொல்றேன். குடுத்தா நெலம் போச்சு."

வழியும் அவளே சொன்னாள். இதற்கு முன்னும் கடிபட்டவர்களுக்குச் செய்ததுதான். வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அவர் தலைமுடியைக் கொஞ்சம் நறுக்கி உள்ளே வைத்து, செத்தவனுக்கு உடுத்துவதுபோலப் புது வேட்டி உடுத்திக் கொளுத்த வேண்டும். நெருப்பு அணையும்வரை கடிபட்டவர் வெளியே தலைகாட்டக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. புகையைப் பார்த்துவிட்டுப் பாம்பு போய்விடும். கொள்ளி வைக்கும் வேலை நீலமேகத்திடம் போனது. அவனால் மறுக்க முடியவில்லை.

சுடுகாட்டை ஒட்டிய திடலில், பனைக்குக் கீழே, ஒருநாள் பிற்பகலில் கொளுத்தினார்கள். லோகாம்பாள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளறையில் பெரியப்பாவுக்குக் காவலாக இருந்தவள் சுந்தரி.

"பொகை வருதா?" என்று கிசுகிசுத்தார்.

ஜன்னல் இடுக்கில் பார்த்து, "வருது," என்றாள்.

"வேட்டி எரிஞ்சா துணி வாசம் வரும். வைக்கோல் வாசம்தான் வருது."

"தூரம் பெரியப்பா. அதான் தெரியல."

"தெரியலயா, இல்லயா?"

அவள் திரும்புவதற்குள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாக இறங்கிவிட்டார். கத்திக் கூப்பிடவும் வழியில்லை. பின்னாலேயே ஓடினாள். வாய்க்கால் கரைக்குப் பின்னால் குனிந்து போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எரிந்துகொண்டிருந்த உருவம் கிழிந்த சாக்கு ஒன்றைச் சுற்றியிருந்தது. புது வேட்டி மடிப்புக் கலையாமல் நீலமேகத்தின் கக்கத்தில் இருந்தது.

"டேய் நீலமேகம்! வேட்டி எங்கடா?"

கரைமேல் எழுந்து நின்று கத்திவிட்டார். நீலமேகம் விதிர்விதிர்த்துத் திரும்பினான். நெருப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அத்தான்... நீங்க செத்துட்டீங்க அத்தான்," என்றான் மெதுவாக.

அப்போதுதான் வைத்தியலிங்கத்துக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. அண்ணாந்து பனையைப் பார்த்தார். சுந்தரியும் பார்த்தாள். காற்றே இல்லை. உச்சியில் ஒரே ஒரு ஓலை மட்டும் அசைந்து நின்றது. அணிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவருடைய சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவரைக் கெடுத்தது. உயிரோடு இருக்கிறார் என்பது பாம்புக்குத் தெரிந்துவிட்டது, இனி அது லேசில் ஏமாறாது என்று ஊரே பேசியது. நீலமேகம் வேட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் குத்தகைப் பேச்சை எடுத்தான்.

கிணற்றடியில் அவன் கால் கழுவ வந்தபோது சுந்தரி கேட்டாள்: "மாமா, வேட்டிய ஏன் எடுத்தீங்க?"

"புதுசும்மா. எரிக்க மனசு வரல."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? பாம்புக்கு வேட்டி வெல தெரியுமா?"

சிரித்தான். அற்ப ஆசையா, புகை பலிக்கக் கூடாது என்ற எண்ணமா? அவன் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் தண்ணீர் இறைக்கும்போது தானும் தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவளுக்கே கோபம் வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வைத்தியலிங்கம் அவளை உள்ளே கூப்பிட்டார். மடியில் அந்த வேட்டி இருந்தது.

"நாளைக்கு இன்னொரு தடவ கொளுத்தப்போறோம். நீலமேகத்துக்குத் தெரியாது. ஒம் பெரியம்மாதான் கொள்ளி வைக்கிறா."

"சரி பெரியப்பா."

"இந்தத் தடவ நான் எட்டிப் பாக்க முடியாது. பாத்தா செத்தேன். பாக்காட்டி, எரிஞ்சுதா இல்லயான்னு தெரியாம வயல்ல கால் வைக்க மாட்டேன். அந்தப் பய நெலத்துல எறங்கிடுவான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒம் பெரியம்மா எரியாட்டியும் எரிஞ்சுதுன்னுதான் சொல்லுவா. எனக்குத் தைரியம் வரணும்னு. நீ அந்தப் பாம்பையே நம்பல, இல்ல?"

"நம்பல."

"அதான் வேணும். நம்பாத கண்ணு பயத்துல ஒண்ண இன்னொண்ணாப் பாக்காது."

அசைந்த அந்த ஓலை அவள் நினைவுக்கு வந்தது.

"நான் சொன்னா நம்புவீங்களா பெரியப்பா?"

அவர் வேட்டியின் கரையை விரலால் நீவினார். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்டே பழகிய மனுஷர்.

"வாய்க்கா மதகுமேல நின்னு பாரு. வேட்டி முழுசா எரியறவரைக்கும் நில்லு. பனையையும் பாரு. என்ன பாத்தியோ அத வந்து சொல்லு. அதுக்கு மறுநா விடிஞ்சதும் நாத்துப் பறிக்கப் போறேன். ஒரு தடவதான் கேப்பேன் சுந்தரி, திரும்பக் கேக்க மாட்டேன். நீ மட்டும் போயிப் பாத்துட்டு வந்து சொல்லும்மா."