மைக் அக்காவின் குரல் போய் வந்த வீடுகள்

பஸ் நிலையத்தில் அவருடைய முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு மேஜை, ஒரு மைக், கால் ஆடுகிற ஒரு நாற்காலி. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை தொலைந்துபோய் அழுதுகொண்டு நிற்கிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருப்பார். மைக் அக்கா என்பது டிரைவர்கள் வைத்த பெயர். "பேச வேண்டியதை எல்லாம் அங்கயே பேசித் தீர்த்துட்டு வந்துடுறா" என்று வீட்டுக்காரர் போகிற வருகிறவர்களிடம் குறைப்பட்டுக்கொள்வார். அவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர்.

அந்தக் கம்ப்யூட்டர் கூட்டத்தோடு அக்காவுக்குப் பழக்கம் ஏற்பட்டதே சண்டையில்தான். பஸ் நிலையத்தின் பழைய பார்சல் அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிலர் கம்ப்யூட்டரும் கையுமாகக் கூடுவார்கள். ஒருமுறை அத்தனை பேரும் ஒரே பிளக்கில் ஒயரைச் சொருகியதில் ஃபியூஸ் போய், மைக்கும் சேர்ந்து செத்தது. அக்கா விறுவிறுவென்று போய்க் கதவைத் தட்டினார்.

"இங்க என்ன, திருட்டுக் கம்பெனி ஏதாவது நடத்துறீங்களா?"

"கம்பெனி எல்லாம் இல்லக்கா" என்றார் கூட்டத்தை நடத்துகிற கணக்கு டீச்சர். "புரோகிராம் எழுதறோம். யார் வேணா எடுத்துக்கலாம், பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம்."

"சம்பளம்?"

"கிடையாது."

"அப்புறம் எதுக்குங்க இந்தப் பாடு?"

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், கூட்டத்தின் பொதுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர், தலையைச் சொறிந்துகொண்டு, "நல்லா இருக்கும்கா" என்றார். இதுகளுக்கெல்லாம் மறை கழன்றுவிட்டது என்று அக்கா முடிவு கட்டினார்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு எட்டிப் பார்த்தார். தன் அறையில் வண்டி நேரம் காட்டுகிற புரோகிராம் அடிக்கடி மக்கர் செய்வதைப் போகிற போக்கில் சொல்லி வைத்தார். அதுவும் இப்படிப் பலர் சேர்ந்து எழுதியதுதான் என்று டீச்சர் அதை இன்டர்நெட்டில் எழுதிப் போட்டார். மறு வாரம் அது சரியாகிவிட்டது. சரி செய்தவர் யாரோ, எந்த தேசமோ, டீச்சருக்கே தெரியாது. "அவர் ஏன் செஞ்சார்?" என்று அக்கா கேட்க, "அவருக்குத் தெரிஞ்சுது, செஞ்சார்" என்றார் டீச்சர். அக்காவுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்து, மேடை மாற்றி ஒரு வண்டியை அறிவித்து, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் தொண்டை கரகரக்க ஆரம்பித்தது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும். பேச்சு போய்விடும்.

பேசிப் பிழைத்த பெண்ணுக்கு இப்படி ஒரு வியாதி! அக்கா டாக்டரிடம் அழவில்லை. பார்சல் அறைக்கு வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டீச்சர் அவரை உட்கார வைத்து, "ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க நிறைய வாக்கியம் படிச்சுக் கொடுத்தா, அதை வெச்சு உங்க குரல்லயே கம்ப்யூட்டரைப் பேச வைக்கலாம்கா" என்றார். அதற்கான புரோகிராம் இருக்கிறது, எத்தனையோ பேர் சேர்ந்து எழுதியது. "பதிவை உங்களுக்கு மட்டும்னும் வெச்சுக்கலாம். எல்லாருக்கும்னும் விடலாம். உங்க இஷ்டம்."

வீட்டுக்காரர் குதித்தார். "உன் குரலை எவனோ எடுத்து என்னத்தையாவது பேச வெச்சா? நான் ஊருக்கே பூட்டு போடறவன். என் வீட்டைத் திறந்து போடுவியா நீ?"

"இத்தனை வருஷமா யாருக்குன்னு பார்த்தா மைக்ல பேசினேன்?" என்றார் அக்கா. "நின்னவங்க எல்லாரும்தானே கேட்டாங்க. அப்படியே இருக்கட்டுங்க."

பார்சல் அறை மூலையில் வெளிச் சத்தம் புகாமல் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டு அக்காவை உட்கார வைத்தார்கள். மழை, மாமியார், மாட்டு வண்டி என்று தலையும் இல்லாத வாலும் இல்லாத வாக்கியங்கள். சிரிப்பு வந்தால் திரும்பப் படிக்க வேண்டும். இருமல் வந்தால் ஆறிவிட்டுத் தொடர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற காலை வரை படித்தார். கடைசியாகப் படித்தது கத்தரிக்காய் விலையைப் பற்றி. அதைச் சொல்லிச் சொல்லி லிஃப்ட்காரர் சிரித்தார். பிறகு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வீம்பு உண்டு. பெரிய கம்பெனிகளின் இடத்தில் எதையும் வைக்க மாட்டார்கள், எல்லாம் தங்கள் பொதுக் கம்ப்யூட்டரில்தான். அங்கிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கியது யார் என்று பார்க்கவும் மாட்டார்கள், அது அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதாம். அக்காவின் பதிவுகளும் அங்கேதான் இருந்தன. குரலை உருவாக்கும் வேலையைத் தொடங்குமுன் எதற்கும் ஒரு நகல் எடுத்துவிடலாம் என்று லிஃப்ட்காரர் புது டிஸ்க் ஒன்றை மாட்டினார். "இது இருப்பது போலவே அதையும் ஆக்கு" என்று ஒரு கட்டளை. அதில் இதையும் அதையும் மாற்றிப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் சொன்ன சொல் தட்டாமல், காலியான டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே நிறைந்த டிஸ்கையும் ஆக்கிவிட்டது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் நகல் எடுங்கள், நகல் எடுங்கள் என்று பிடுங்கியெடுத்த மனிதர், நகல் எடுக்கப் போய்த்தான் அத்தனையையும் அழித்தார்.

அவரே வீடு தேடி வந்து சொன்னார். "மாத்திப் போட்டுட்டேன்கா. ஒண்ணுகூட மிஞ்சலை."

கழுத்தில் கட்டோடு அக்கா அவரையே பார்த்தார். திட்டக்கூடக் குரல் இல்லை. திரும்பப் படித்துக் கொடுக்கவும் வழியில்லை. வீட்டுக்காரர்தான் அக்காவுக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார். அதன் பிறகு லிஃப்ட்காரர் பார்சல் அறைப் பக்கமே தலைகாட்டவில்லை, போனையும் எடுக்கவில்லை.

யாராவது இறக்கி வைத்திருந்தால் கொடுங்கள் என்று டீச்சர் எழுதாத இடமில்லை. நாட்கள் போயின. அக்கா வீட்டில் சைகை செய்வார், வீட்டுக்காரருக்குப் புரியாது, இருவருக்கும் கோபம் வரும். தன் குரல் எப்படி இருந்தது என்பதே மறந்துவிடுமோ என்று அக்கா பயந்தார். அந்தப் பயத்தையும் போனில் எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை டீச்சர் லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கடல் தாண்டி ஒரு தேசத்தில் கோழிப் பண்ணை வைத்திருக்கிற தமிழர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் மனைவிக்குக் கண் தெரியாது. அவர் பதிவை நேராக இங்கிருந்து எடுக்கவில்லை. யாரோ ஒரு மாணவி எடுத்து, வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு, அறையின் மின்விசிறி இரைச்சலை நீக்கியிருந்தாள். அவளிடமிருந்து வாங்கிய இன்னொருவர் பிசகிய இடங்களைத் திருத்தியிருந்தார். பண்ணைக்காரர் அதை வைத்துக் குரலையே உருவாக்கிவிட்டார். பதிவுகளையும் குரலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். "எங்கள் வீட்டில் தினமும் பேப்பர் படிப்பது இந்தக் குரல்தான். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று என் மனைவி கேட்கச் சொன்னாள்" என்று முடித்திருந்தார்.

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தான் ஊமையாகக் கட்டிலில் கிடந்த காலைகளில் எல்லாம், தன் குரல் எங்கேயோ ஒரு வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறது! முகம் தெரியாத ஒரு பெண் பிள்ளை தன் இருமலைக்கூடப் பொறுமையாகக் கேட்டிருக்கிறாள். அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. இதை எழுதும்போது எனக்கும்தான்.

டீச்சர் குரலை ஓட வைத்து, "ஏதாவது அடிங்கக்கா" என்றார். வீட்டுக்காரர் எண்ணெய்க் கையோடு பக்கத்தில் வந்து நின்றார். "என்னைக் கூப்பிடு பார்ப்போம்."

அக்கா கையமர்த்தினார். லிஃப்ட்காரருக்குப் போன் போடச் சொல்லி டீச்சருக்கு ஜாடை காட்டினார். வீட்டுக்காரரின் புது நம்பரிலிருந்து போட்டதால், யாரென்று தெரியாமல் அவர் எடுத்துவிட்டார்.

"தம்பி, நான்தான் பேசறேன்" என்றது லேப்டாப். கரகரப்பு உட்பட அக்காவின் குரல். வீட்டுக்காரர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். "குரல் கிடைச்சுடுச்சு. இதை உடனே ஒரு காப்பி எடுக்கணும். ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்கதான் எடுக்கணும். வேற யாரையும் தொட விட மாட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் தட்டுத் தடுமாறி வந்தது. ஒரு வார்த்தை தொடங்கி, பாதியிலேயே உடைந்தது.

அக்கா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தார்.

"பேச வரலையா? பரவாயில்ல தம்பி, நான் பேசறேன்."