ஏழு மாத சைக்கிள் ஆராய்ச்சி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கண்டியில் மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில் இது தொடங்கியது. எங்கள் வீடு பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில், பிரதான வீதியிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு சரிவில் இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். என் கணவர் கண்டியிலேயே பிறந்தவர், நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். எங்கள் இரண்டு பேரில் கோபக்காரி நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவருக்குச் சீனி வருத்தம். அந்த மாதம் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த டொக்டர், இனியும் உடம்பை அசைக்காமல் இருந்தால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. இவருடைய தகப்பனும் இதே வருத்தத்தில் ஊசி போட்டு, கடைசியில் ஒரு காலையும் இழந்து போய்ச் சேர்ந்தவர். ஊசி என்றால் அந்தக் கால்தான் இவருக்கு நினைவு வரும். சரி நடக்கலாம் என்றால் முழங்காலில் நோவு. அப்படியானால் சைக்கிள் ஓடலாம், முழங்காலுக்கு அவ்வளவு பாரம் இல்லை என்றார் டொக்டர். இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டு, “ஓம் டொக்டர், நல்ல விஷயம். நாளைக்கே தொடங்குவார்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ‘நாளைக்கு’ வர ஏழு மாதம் எடுத்தது.

அன்று பின்னேரமே இவர் கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கைபேசியோடு உட்கார்ந்தார். “இந்த ஊரு மேடு பள்ளத்துக்குச் சாதாரண சைக்கிள் சரிவராது. மவுண்டன் பைக்தான் வேணும். ஆனா வாங்குறதா, வாடகைக்கு எடுக்கிறதான்னு மொதல்ல யோசிக்கணும்” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இவர் ஒரு புதுக் கொப்பியை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘வாடகை’ என்றும் மறுபக்கம் ‘சொந்தம்’ என்றும் எழுதியபோது நான் பக்கத்தில் தேத்தண்ணீர் கூட வைத்துவிட்டுப் போனேன். அப்போதே அந்தக் கொப்பியைப் பறித்து அடுப்பில் வைத்திருக்க வேண்டும்.

வாடகைக்கு எடுத்தால், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் நகரத்தில் வாடகைக்கு விடுகிற சைக்கிள்கள் எல்லாம் சுற்றுலாப் பயணிகள் மலையிலிருந்து இறக்கி இறக்கி பிரேக் தேய்ந்தவை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சொந்தமாக வாங்கினால் எப்போதும் கையோடு இருக்கும். ஆனால் இவருடைய அண்ணன் வாங்கிய சைக்கிளில் இப்போது உடுப்புத்தான் காய்கிறது. வாங்கினால் எங்கே வைப்பது? வீட்டுக்கு ஏற நாற்பத்திரண்டு படி. வெளியே வைத்தால் இந்த ஈரத்தில் துரு ஏறும். அலுமினியம் என்றால் துரு ஏறாது, ஆனால் அது வளைந்தால் வளைந்ததுதான். அதிர்வு தாங்குகிற ஷொக் முன்பக்கம் மட்டும் போதுமா, பின்னாலும் வேண்டுமா? டிஸ்க் பிரேக் வயரில் இழுப்பதா, எண்ணெயில் இழுப்பதா? ஜப்பானிலிருந்து வருகிற பாவித்த சைக்கிளை நம்பலாமா? ஒரு நாள் வாடகைப் பக்கம் வெல்லும். மறுநாள் இவரே அதற்கு ஒரு குற்றம் கண்டுபிடித்து இரண்டு பக்கத்தையும் சமன் செய்துவிடுவார்.

மாதத்தில் எத்தனை தடவை ஓடினால் வாங்குவது லாபம் என்று நான் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, “டயர் தேய்மானத்தச் சேர்க்கலையே” என்றார். எனக்கு விசர் பிடிக்காத குறை. மாசி மாதக் கிளினிக்கில் சீனி இன்னும் ஏறியிருந்தது. டொக்டர் முகத்தைச் சுளித்து, ஆடி மாதம் வரைக்கும் தவணை கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது, “மனுசன் கல்யாணம் கட்டுறதுக்குக் கூட இவ்வளவு யோசிக்கேல்லையே!” என்று எல்லாருக்கும் கேட்கத்தான் கத்தினேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வைகாசியில் வெசாக் விடுமுறைக்கு இவருடைய அலுவலகக்காரர்கள் ஹுன்னஸ்கிரியப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓடப் போனார்கள். அங்கேயே வாடகைக்குக் கொடுக்கிறார்களாம், இவரையும் கூப்பிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடியற்காலையில் எழும்பி உடுப்பெல்லாம் அடுக்கிக் கொடுத்தேன். பின்னேரம் யாரோ அனுப்பிய படம் வந்தது. எல்லாரும் தலைக்கவசத்தோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் அவர்கள் போன வான் வண்டிக்குப் பக்கத்தில், பன்னிரண்டு பேருடைய சோற்றுப் பார்சலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேட்டால், அங்கே கொடுத்த சைக்கிளின் சட்டம் இவருடைய உயரத்துக்குச் சரியில்லையாம்.

அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு போய், நேரே கெலிஓயாவில் ஒரு சைக்கிள் கடை வாசலில் இறக்கினேன். விற்பனை, வாடகை, பழுதுபார்ப்பு எல்லாம் அங்கே உண்டு. கடைக்காரர் ஐம்பது வயது தாண்டிய முஸ்லிம் மனிதர்; இங்கே அவர்களை ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். “நானா, இவருக்கு ஒரு மவுண்டன் பைக் வேணும். வாடகையோ சொந்தமோ, இண்டைக்குச் சைக்கிள் இல்லாமல் நாங்கள் வீட்டை போறேல்லை” என்றேன்.

இவர் உடனே ஆரம்பித்துவிட்டார். சட்டத்தின் அளவு, சில்லின் அளவு, கியர், எண்ணெய் பிரேக். நானா தலையாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கேட்டார். “சேருக்கு என்னய விட நல்லாத் தெரியுது” என்று பாராட்டினார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைசியில் ஒரு கறுப்புச் சைக்கிளை வெளியே எடுத்து வைத்தார். “இத எடுத்துட்டு இந்த ஒழுங்கையில ஒரு ரவுண்ட் போய்ட்டு வாங்க, சேர். வாடகையோ வெலயோ, ஓடிக் காட்டாம நான் யாருக்கும் குடுக்கிறல்ல. சீட்ட உங்கட காலுக்கு வைக்கணும்.”

ஒழுங்கை என்றால் கடை வாசலிலிருந்து கம்பளை வீதிக்கு இறங்குகிற சரிவு. இவர் சைக்கிளின் மேல் காலைப் போட்டு நின்றார். நானா கொடுத்த தலைக்கவசத்தின் வாரை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். கைபேசியை ஒரு சட்டைப்பையிலிருந்து மற்றதற்கு மாற்றினார். சப்பாத்தின் கயிற்றைக் குனிந்து பார்த்தார். மழை வரும் போலிருக்கிறது, அடுத்த வாரம் வருவோமா என்றார். ஏழு மாதக் கோபம் என் உச்சந்தலைக்கு ஏறியது. “போங்கோவன்!” என்று கத்திக்கொண்டு சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டேன்.

சைக்கிள் போனது. இவர் இரண்டு காலையும் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு போனார். பெடலில் கால் வைக்கவில்லை. கைகள் விறைத்து, முன்சில்லு இடமும் வலமும் ஆட, வேகம் கூடிக்கொண்டே போனது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன், சத்தியமாக. நானாதான் முதலில் ஓடினார். “பிரேக்! பிரேக்கப் புடிங்க!” என்று கத்தினார். எந்த பிரேக் எந்த மழையில் எத்தனை அடிக்குள் நிற்கும் என்று முக்கால் மணி நேரம் விளக்கிய மனிதர் அதைத் தொடவே இல்லை. கீழே கம்பளை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. நானும் பின்னால் ஓடினேன்.

வீதிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போது சைக்கிள் தானாக ஒரு பக்கம் திரும்பி, ஒரு வீட்டுக் குரோட்டன் வேலிக்குள் புகுந்து, இவரை மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் தள்ளியது. பஸ் போய்விட்டது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நானா இவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன, முழங்கையில் இரத்தம், மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டு. இவர் என்னைப் பார்க்கவில்லை. நானாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

“எனக்கு ஓட்டத் தெரியாது.”

 சைக்கிள் ஓடத் தெரியாத ஒரு பெரிய மனிதர் இருக்கக்கூடும் என்று என் வாழ்நாளில் நான் நினைத்ததே இல்லை. எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளை அடுத்ததாகப் பழகுவது சைக்கிள். சாமான் வாங்க, பள்ளிக்கூடம் போக, செத்த வீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நிலம் தட்டையாகக் கிடக்கிற ஊரில் பிறந்த நான், ஐம்பது அடி சமதரை இல்லாத சரிவில் வளர்ந்தவர் எங்கே போய்ப் பழகியிருப்பார் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? அவரிடம் ஓடத் தெரியுமா என்று கேட்கக்கூட இல்லை.

நானா சிரிக்கவில்லை. “இதுக்கென்ன தம்பி, எனக்கு நீந்தத் தெரியா. பொறந்தது மகாவலிக் கரையில” என்றார். அதுவரை ‘சேர்’ என்று கூப்பிட்டவர் அப்போதுதான் ‘தம்பி’ என்றார். கடைக்குக் கூட்டிப் போய்க் கையைக் கழுவி, மருந்து பூசிவிட்டார். இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் இப்படித்தான், வளர்ந்த பிறகு வந்து வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார்கள் என்றார். “வாங்கவும் வாணாம், இந்த மல சைக்கிளும் வாணாம். ஒரு சின்ன சைக்கிள் ஈக்கி, அத வாடகைக்கு எடுங்க. பெடலக் கழட்டித் தாரேன். காலால உந்தி உந்திப் போங்க, ரெண்டு கெழமையில தானா நிப்பீங்க. மைதானத்துக்கு நானே கூட்டிப் போறேன்.”

ஏழு மாதக் கேள்விக்கு அந்த மனிதர் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டார்.

ஓட்டோவில் திரும்பி வரும்போது, “ஏன் என்னட்டச் சொல்லேல்லை?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியாது. இவர் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “எப்படிச் சொல்றது? கல்யாணத்துக்கு அப்புறம் மொத மொத உங்க வீட்டுக்கு வந்தப்ப, கோவிலுக்குப் போக உன் தம்பிங்க சைக்கிள் கொண்டுவந்தாங்க. வேட்டி கட்டியிருக்கேன், நடந்து வர்றேன்னு சொன்னேன். நீ என்ன சொன்ன?” என்றார்.

எனக்கு நினைவு வந்தது. “கண்டி ஆக்களுக்கு மலை ஏறத்தான் தெரியும், எங்கட ஊரில எட்டு வயசுப் பிள்ளை இரண்டு பேரை ஏத்திக்கொண்டு ஓடும்” என்று வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தப் பகிடியை நான் பதினாறு வருடமாக வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இவரும் கூடச் சிரித்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு நானும் வாறன் என்றேன். “வேணாம், நீ வராத” என்றார். எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான், சைக்கிள் என் கை கால் மாதிரி. என் கணவர் ஒரு கடைக்காரரிடம் பழகப் போகிறார், நான் வரக் கூடாதாம். குசினியில் சட்டி பானைகளைப் போட்டு உடைக்காத குறையாக நடந்தேன், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபம் பாதி, மிச்சம் வெட்கம்.

ஒவ்வொரு ஞாயிறும் காலையில் போய், வியர்வையும் மண்ணுமாக வந்தார். என்ன நடந்தது என்று கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆடிக் கிளினிக்கில் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊசிப் பேச்சை டொக்டர் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, செருப்பைப் போட்டுக்கொண்டே, “வேணும்னா வா. ஆனா வாயத் தொறக்கக் கூடாது” என்றார்.

மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். பெடல் பூட்டிய சின்னச் சைக்கிளில் சுற்றி வந்தார். முதுகு கட்டை போல இருந்தது. பார்வை முன்சில்லிலேயே இருந்தது. தூரப் பாருங்கோ, முழங்கையைத் தளர்த்துங்கோ என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது சுற்றில் எனக்கு முன்னால் வந்து, பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, காலை ஊன்றி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்லப் போகிறேன் என்று பயந்த பார்வை அது. தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஓடப் போனார்.

இப்போதும் ஏதாவது ஒரு விஷயத்தை அவர் மூன்று நாளுக்கு மேல் ஆராய்ந்துகொண்டிருந்தால் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு பயமும் வந்துவிடுகிறது, இந்த முறை ‘எனக்குத் தெரியாது’ என்று எதைச் சொல்ல முடியாமல் இந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரோ என்று.